ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று

பள்ளிக்கூடக் கணக்குப் போட்டிக்கு வந்த நடுவர்கள் முதல் மேசையில்தான் நின்றிருந்தார்கள். மிர்துளாவின் மேசை ஏழாவது. அதுவரைக்கும் வனிதாமணிக்குச் செய்ய வேலை ஒன்றுமில்லை, சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அதுவே பெரிய சுகமாக இருந்தது, கோழிப்பண்ணையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பகல் பதினொரு மணிக்கு ஃபேனுக்குக் கீழே உட்கார எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் விரலிடுக்கில் முட்டை வாசம் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும், அந்தக் கை போட்ட கணக்குத்தானே அங்கே சார்ட்டில் நிற்கிறது. பரிமளா டீச்சர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு டம்ளரில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு ஆறிலக்க எண்ணை எடுக்கச் சொல்லியிருந்தாள், எடுத்த எண்ணுக்கு ஜாதகம் எழுத வேண்டும், நடுக்கட்டத்தில் எண், சுற்றிலும் பன்னிரண்டு கட்டத்தில் அதன் குணம். மிர்துளாவுக்கு வந்தது 510511. சிவப்பு ஸ்கெட்சில் பெரிதாக எழுதி, ஒற்றைப்படை, இலக்கங்களைக் கூட்டினால் பதிமூன்று, வர்க்க எண் அல்ல என்று வரிசையாக நிரப்பியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேகலாக்கா, அதே பண்ணையில் அதே கொட்டகையில் முட்டை அடுக்குகிறவள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள், கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ஏ வனிதா, நெசமாலுமே ஜாதகந்தான் எழுதி வெச்சிருக்குது உம்புள்ள, செவ்வா எங்கடி நிக்குது?" என்றாள். "செவ்வாயாவது ஒண்ணாவது, சுத்த ஜாதகம்க்கா, தோஷமே இல்ல. பகா எண்ணு. ஒண்ணுலயும் அதுலயுந்தான் போகும், வேற எதுலயும் போகாது." "அப்ப ஒண்டியாவே கெடக்கும்னு சொல்லு, பாவம்." இரண்டு பேரும் சிரித்தார்கள், டீச்சர் திரும்பிப் பார்க்கவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

முதல் மேசையில் பானு நின்றிருந்தாள், மளிகைக் கடைக்காரர் மகள், அவளுக்கு வந்த எண் 100003. அதுவும் பகா எண்தான் என்று எழுதியிருந்தாள். நடுவர் இரண்டு பேரில் பேசுகிறவர் கண்ணாடி போட்ட ஒரு மேடம், காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவராம், குரல் மெல்லியது, ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது. "பகா எண்ணுன்னு எப்படிச் சொல்ற?" "வகுத்துப் பாத்தேன் மேடம்." "எது வரைக்கும்?" பானு தயங்கவேயில்லை. "வர்க்கமூலம் வரைக்கும் மேடம். முந்நூத்திப் பதினாறு. அது வரைக்கும் இருக்கற பகா எண்ணு அத்தனையிலும் வகுத்தேன், அறுபத்தஞ்சு வகுத்தல், எதுலயும் போகல." மேடம் தலையாட்டினார். வனிதாமணியும் கூடவே தலையாட்டினாள், கெட்டிக்காரப் பிள்ளை என்று மனதுக்குள் சொன்னாள், சொல்லி முடிக்கும்போதே ஏதோ ஒன்று நழுவியது, லாரியில் ஏற்றும்போது அடி அட்டை நெகிழ்வது கைக்குத் தெரியுமே, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால், அந்த மாதிரி. அறுபத்தைந்து வகுத்தல். நாம் போட்டது ஒன்று. ஒரே ஒன்று. ஏன் ஒன்று போதும் என்று நினைத்தோம்? பெட்டி. ஒரு அட்டைக்கு முப்பது முட்டை, ஏழு அட்டை ஒரு பெட்டி, பெட்டிக்கு இருநூற்றுப் பத்து. பன்னிரண்டு வருஷமாக அதைத்தானே எண்ணுகிறாள், எந்த எண்ணைச் சொன்னாலும் மனசு முதலில் பெட்டி கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் பார்க்கும். மிச்சம் இரண்டில் மூன்றில் ஐந்தில் ஏழில் எதில் போகிறதோ அதில் முழு எண்ணும் போகும், எதிலும் போகாவிட்டால் முழு எண்ணும் எதிலும் போகாது, இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, முட்டை அடுக்க அடுக்க அவளுக்கே பிடிபட்டது. மிர்துளா நாலாவது படிக்கும்போது வீட்டுப்பாடத்தில் பகா எண் கேட்டால் வனிதாமணி பார்த்த மாத்திரத்தில் சொல்வாள், எண்பத்தொன்பது ஆமா, தொண்ணூற்றொன்று இல்லை, நூற்றேழு ஆமா, ஒரு நாளும் தப்பியதில்லை. தப்பாதுதான். நூறை ஒட்டின எண்ணுக்கு ஏழு வரைக்கும் பார்த்தால் போதும், பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் நூற்று இருபத்தொன்று, அங்கேதான் முதல் தடவை ஏமாற்றும், அவ்வளவு தூரம் நாலாம் வகுப்புப் புத்தகம் போகவில்லை. இது இப்போது தெரிகிறது. பெஞ்சில் உட்கார்ந்து இப்போது. நடுவர்கள் இரண்டாவது மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

சரி, பதறாதே, பகா எண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, வழி தப்பானாலும் விடை சரியாக இருக்கலாம், எத்தனை தடவை குத்துமதிப்பாகச் சொன்னது எண்ணிப் பார்த்தால் சரியாக இருந்திருக்கிறது. மடியில் விரலை வைத்துக்கொண்டு வகுக்க ஆரம்பித்தாள். பதினொன்றில் ஒன்று மிச்சம். பதிமூன்றில், நாலு, மூன்று, மறுபடி பார், ஒன்று மிச்சம். நல்லது. பெட்டி கட்டினபோதும் ஒன்றுதான் மிஞ்சியது, இரண்டாயிரத்து நானூற்று முப்பத்தொரு பெட்டி, மிச்சம் ஒற்றை முட்டை, அதைப் பார்த்துத்தானே அப்படித் துள்ளிக் குதித்தாள். பதினேழில் தடுமாறியது, அவள் படித்த பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பதினாறோடு நின்றுவிடும், அதற்கு மேல் எந்தக் கடையிலும் கேட்க மாட்டான் என்று சார் சொல்லிவிட்டார், பதினேழெட்டு நூற்று முப்பத்தாறு என்று கூட்டிக் கூட்டிப் போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒன்று மிச்சம். எதில் போட்டாலும் ஒன்று. இது சீட்டில் தானாக வந்த எண் இல்லை, டீச்சர் வேண்டுமென்றே செய்துவைத்த எண், பொறி, இந்தப் பக்கம் வா இந்தப் பக்கம் வா என்று கூப்பிட்டு அழைத்துப்போகிற எண். அழைத்துக்கொண்டு எங்கே போகிறது? பத்தொன்பது. இருபதிலிருந்து ஒவ்வொன்று குறைத்துக்கொண்டு போனால் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வந்துவிடும். ஐம்பத்தொன்றில் இரண்டு தடவை, மிச்சம் பதிமூன்று. நூற்று முப்பதில் ஆறு, மிச்சம் பதினாறு. நூற்று அறுபத்தைந்தில் எட்டு, மிச்சம் பதிமூன்று. நூற்று முப்பத்தொன்றில் ஆறு, மிச்சம் பதினேழு. கடைசி ஒன்றை இறக்கினால் நூற்று எழுபத்தொன்று. பத்தொன்பது ஒன்பது நூற்று எழுபத்தொன்று. மிச்சம். மிச்சம் இல்லை. ஃபேன் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. தப்பாகப் போட்டிருப்போம், மனக்கணக்குத்தானே, இன்னொரு தடவை, ஐம்பத்தொன்றில் இரண்டு. மறுபடி மிச்சம் இல்லை. திருப்பிப் பெருக்கிப் பார், இருபத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பதை இருபதால் பெருக்கி ஒரு பங்கைக் கழி. ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று. அப்படியே சார்ட்டில் இருப்பது போலவே வந்து நின்றது. கழுத்திலிருந்து காதுவரைக்கும் சூடு ஏறியது. "ஏன்டி, மொகம் இப்படி வேர்க்குது, காலைல சாப்புட்டியா இல்லியா?" என்றாள் மேகலாக்கா. "சாப்புட்டேங்க்கா." "இந்தா தண்ணி." குடித்தாள்.

மூன்றாவது மேசை. தப்புக் கணக்கு எல்லோரும் போடுகிறார்கள், பண்ணை மேனேஜரே ஒரு லோடை இரண்டு தடவை சீட்டில் ஏற்றியிருக்கிறார், தப்புக்கு வெட்கப்பட்டால் முட்டைக் கொட்டகையில் ஒருத்தரும் வேலை பார்க்க முடியாது. சுடுவது அந்தத் தப்பு இல்லை. தப்பு மட்டும் என்றால் சிரித்துக்கொண்டு போய்ச் சொல்லிவிடுவாள், அவளுக்கு எதுவும் சிரிப்புத்தான், உடைந்த முட்டையில் வழுக்கி விழுந்தபோதுகூட முதலில் சிரித்தது அவள்தான். இது வேறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் குழம்பு, மேகலாக்கா வாசலில் கறிவேப்பிலை உருவிக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தாள், மிர்துளா தரையில் குப்புறப் படுத்து நோட்டில் வகுத்துக்கொண்டிருந்தாள், காலை ஆட்டிக்கொண்டே. அந்தக் கால் ஆடினது இப்போது கண்ணுக்குள் வருகிறது, சந்தோஷமாக இருந்தால்தான் அவளுக்கு அப்படி ஆடும். பக்கம் பூராவும் வகுத்தல். என்ன பாப்பா இது இவ்வளவு நேரம் என்று வனிதாமணி காலண்டர் தாளின் பின்பக்கம் பெட்டிக் கணக்குப் போட்டு, ஒன்று மிச்சம் என்று வந்ததும், கேட்டியாக்கா ஒத்த முட்ட மிஞ்சுது, இனி எதுலயும் போகாது, பகா எண்ணு, முடிஞ்சது சோலி என்று வாசலுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். வாசலுக்குக் கேட்கிற மாதிரி. மகளுக்குச் சொல்வதாக இருந்தால் அவ்வளவு சத்தம் எதற்கு? "இன்னும் பாக்கணும்மா, டீச்சர் சொன்னாங்க, நான் பதினேழு வரைக்கும் முடிச்சுட்டேன், இப்ப பத்தொம்பது." "உங்க டீச்சரு பெட்டி கட்டியிருக்காளா? எத்தன லட்சம் முட்ட எண்ணுன கையி இது, எனக்கே சொல்லித்தர்றியா நீயி?" மேகலாக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு ருசியாக இருந்தது. ருசியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. நோட்டைப் பிடுங்கி, அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சூடாக இருந்த குழம்புச் சட்டியை அதால் பிடித்து இறக்கினாள், பாருக்கா இதுக்காவது ஒதவுச்சு என்று. தாளில் எண்ணெய் ஊறி எழுத்து மறுபக்கம் தெரிந்தது. பத்தொன்பது என்று எழுதி, பக்கத்தில் வகுத்தல் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ள முடியாது, எண்ணெயில் அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்றுகூட ஞாபகம் இருக்கிறது. மிர்துளாவின் கால் ஆடுவது நின்றது. எழுந்து ஸ்கெட்ச் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, சரி எங்கம்மா எழுதணும் என்று கேட்டாள்.

நாலாவது மேசை. நாலாவது மேசைப் பிள்ளையின் எண் மிகை எண்ணாம், தன்னைத் தவிர மற்றக் காரணிகளைக் கூட்டினால் தன்னைவிடப் பெரிதாக வருகிற எண், கூட்டுத்தொகை சரியாகத் தனக்குச் சமமாக வந்தால் நிறை எண், ஒன்றும் இரண்டும் மூன்றும் ஆறு என்கிற மாதிரி, குறைந்தால் குறை எண். மேடம் கேட்கக் கேட்க அது மளமளவென்று ஒப்பித்தது. வனிதாமணிக்கு மகளுடைய சார்ட்டின் கீழ்க்கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் குத்தின. காரணிகள் இரண்டு. தன்னைத் தவிர மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை ஒன்று. எல்லாம் அந்த ஒரு பொய்யிலிருந்து பிறந்த பொய். குறை எண் என்பது மட்டும் சரியாக இருக்கும் போலிருக்கிறது, என்ன ஆனாலும் அது குறையத்தான் செய்யும். இன்னும் இரண்டு மேசைதான். எழுந்து போய்க் காதில் சொல்லிவிடலாமா? பெற்றவர்கள் மேசைக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டாள். மேடம் கேட்காமலே விட்டுவிடலாம், எல்லாருடையதையும் வகுத்துக்கொண்டா இருப்பார், ஆறிலக்க எண், மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. இந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது, மூச்சு வந்ததற்கே கூசியது. மூன்று பேரைத்தான் மாவட்டத்துக்கு எடுப்பார்கள். அங்கே ஜெயித்தால் சென்னையில் மூன்று நாள் கணக்கு முகாம். அந்தப் பிள்ளை இதுவரைக்கும் ரயிலில் ஏறினதில்லை. போன வாரம் முழுக்க முகாமுக்கு என்ன துணி எடுத்துப்போவது என்று பீரோவைத் திறந்து திறந்து மூடியது. கொட்டகையில் என்ன சொன்னோம்? பத்துப் பேரிடம் சொன்னோம். எம்மவ எண்ணு பகா எண்ணாம், நாந்தான் கண்டுபுடிச்சுக் குடுத்தேன், பெட்டிக் கணக்குல. மேனேஜர்கூட அடேயப்பா என்றார். வனிதா எண்ணினால் மறுபடி எண்ண வேண்டியதில்லை என்று அவர் சொல்லும்போது வராத பெருமை, எம்மவ எண்ணு என்று சொல்லும்போது வந்தது. நாந்தான் என்றுகூட இல்லை, நான் நான் என்று. அந்தப் பிள்ளையின் கணக்கு அதில் எங்கே இருந்தது? சட்டி பிடித்த தாளில்.

ஐந்து. ஆறு. ஆறாவது மேசையில் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. மிர்துளா ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள். அம்மா இருந்த பக்கம் பார்க்கவில்லை, வந்ததிலிருந்தே பார்க்கவில்லை, அது பயம் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள் வனிதாமணி. மேடம் சார்ட்டை மேலிருந்து கீழே படித்தார். ஒரு கட்டத்தில் கண் நின்றது, எந்தக் கட்டம் என்று இங்கிருந்தே தெரிந்தது. "பகா எண்ணா?" "ஆமாங் மேடம்." "எப்படிக் கண்டுபுடிச்சே?" "வகுத்துப் பாத்தனுங்க மேடம்." "எது வரைக்கும்?" பிள்ளை சார்ட்டின் விளிம்பை நகத்தால் நிரடியது. "ஏழு வரைக்கும்." பரிமளா டீச்சர் முகம் சுருங்கிப்போயிற்று. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை, பானுவுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான் என்று டீச்சரே சொல்லியிருக்கிறாள். "ஏன் ஏழோட நிறுத்திட்டே?" இப்போது சொல்வாள், எங்கம்மா என்று ஒரு வார்த்தை, சொல்லட்டும், சொல்லு கண்ணு, சொல்லித் தொலை. "தெரியாம நிறுத்திட்டனுங்க மேடம்," என்றாள் மிர்துளா. மேடம் பேனாவைத் திறந்து கையிலிருந்த தாளில் ஏதோ எழுதப் போனார்.

"பத்தொம்பதுல போகுமுங்க."

கொட்டகையில் லாரிக்காரனுக்குப் பெட்டி எண்ணிச் சொல்கிற குரல் வந்துவிட்டது, அவ்வளவு சத்தம், கூடத்தில் அத்தனை தலையும் திரும்பியது. எழுந்து நிற்கிறோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேகலாக்கா பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள், "உக்காருடி, பைத்தியமா உனக்கு." மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க யாரும்மா?" "இந்தப் புள்ளையோட அம்மாங்க." மேகலாக்காவின் கையிலிருந்து சேலையை உருவிக்கொண்டு சொன்னாள். "அவ நிறுத்தலைங்க. பதினேழு முடிச்சுட்டுப் பத்தொம்பது போட ஆரம்பிச்சா. நாந்தான் நோட்டப் புடுங்கித் தாளக் கிழிச்சேன். எனக்குத் தெரிஞ்சது ஏழு வரைக்குந்தான், அதோட எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சுட்டு அவள எழுத வெச்சேன். தப்பு எம்மேல." யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. யாரோ ஒரு அப்பா உச்சுக்கொட்டினார். மேடம் சிரிக்கவுமில்லை, உச்சுக்கொட்டவுமில்லை. "பத்தொம்பதுல போனா எவ்வளவு வருது?" என்று பொதுவாகக் கேட்டார். வனிதாமணி வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "இருபத்தாறாயிரத்து எண்ணூத்தி அறுபத்தொம்பது மேடம். அது தொண்ணூத்தேழுல போகும். போனா இருநூத்தி எழுபத்தேழு. அதுக்கு மேல எதுலயும் போகாது. மொத்தம் எட்டுக் காரணி." மிர்துளா விரலை மடக்கவில்லை, மேலே பார்த்து யோசிக்கவில்லை, வீட்டு விலாசம் சொல்வது போலச் சொன்னாள். மேடம் பேனாவை மூடினார். "எப்பம்மா இத வகுத்தே?" "திங்கக்கிழமைங்க மேடம். இங்க, சாப்பாட்டு பெல்லுல." "தெரிஞ்சுமா இப்படி எழுதி வெச்சிருக்கே?" டீச்சர் "மிர்துளா" என்று அதட்டினாள். பிறகு அந்தப் பிள்ளை அன்றைக்கு முதல் தடவையாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தது, கோபம் ஒன்றும் இல்லாத முகம், கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். "நீதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டியேம்மா," என்றது.

மேடம் அடுத்த மேசைக்கு நகர்வதற்கு முன்னால், திருத்தி வை, கடைசி மேசை முடித்துவிட்டு வருகிறேன், மார்க்கைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். அம்மா பக்கத்தில் வந்து நிற்பதை டீச்சர் தடுக்கவில்லை, கவனித்தாளா என்றும் தெரியவில்லை. இத்தனை பேர் முதுகில் பார்த்துக்கொண்டிருப்பது வனிதாமணிக்குச் சட்டைக்குள் முட்டை உடைந்த மாதிரி வழிந்துகொண்டிருந்தது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மிர்துளா பகா என்பதன் மேல் ஒரு கோடு போட்டாள், நேரான கோடு, ஸ்கேல் வைத்து. பக்கத்தில் பகு எண் என்று எழுதினாள். இரண்டை அடித்து எட்டு. அடுத்த கட்டத்தில் கை நின்றது, கடைசி மேசைவரைக்கும் அதிக நேரமில்லை. "தன்னைத் தவிர மத்தது ஏழும் கூட்டணும்மா. நான் சொல்றேன், நீ கூட்டு. ஒண்ணு, பத்தொம்பது, தொண்ணூத்தேழு, இருநூத்தி எழுபத்தேழு." முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்து மூணு." இரண்டாயிரத்து இருநூற்று முப்பத்தேழு. "ஐயாயிரத்து எரநூத்தி அறுபத்து மூணு." ஏழாயிரத்து ஐந்நூறு, சுத்தமாக வந்தது, அப்படிச் சுத்தமாக வருவது முன்பெல்லாம் எவ்வளவு பிடிக்கும். "கடைசி, இருபத்தாறாயிரத்து எண்ணூத்தி அறுபத்தொம்பது." "முப்பத்தினாலாயிரத்து முந்நூத்தி அறுபத்தொம்பது," என்றாள் வனிதாமணி. மிர்துளா மறுபேச்சில்லாமல் ஸ்கெட்சின் மூடியைத் திறந்து கட்டத்துக்குள் கொண்டுபோனாள்.

"இரு, எழுதாத," என்றாள் வனிதாமணி. "நீ ஒருக்கா கூட்டிப் பாரு."